விமானிக்குரிய உடற்பரிசோதனை

இந்திய விமானப் படையில் விமானியாக விழையும் மாணவ மாணவியர் திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களிலும் உளர். எழுத்துத் தேர்விலும், மைசூரு முதலிய இடங்களில் நடைபெறும் ஆளெடுப்புத் தேர்விலும் தேறிய பின்னரே மருத்துவப் பரிசோதனை வருகிறது. பல்லாண்டு உழைப்பு அங்கே வீணாகாதிருக்க, அதன் தன்மையை நாம் முன்னரே அறிதல் நலம்.

ஏறத்தாழ 163 செ.மீ. உயரம் வேண்டும். அமர்ந்த நிலை உயரமும் கால் நீளமும் அளக்கப்படும். விமானி அறையின் அளவு ஆளுக்கேற்ப மாறாதன்றோ? பார்வை, செவி, இதயம், முதுகெலும்பு ஆகியனவும் ஆராயப்படும். நிறக்குருடு பெரும்பாலும் பிறவியில் அமைவது, மருந்தால் தீராது. அஃது உடையோர் விமானியாதல் இயலாது.

ஆதலின், எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளின் கண்களை அரசு மருத்துவமனையில் சோதிக்கச் செய்வோம். இதற்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னிற்பார்களாக. குறை தெரிந்தால், தக்க வேறு பணியை நாடக் காலமும் இருக்கும்.