குழந்தை வளர்க்கும் ஆயாமாரும் அவர்தம் ஊதியமும்

நாணற்பெட்டியினின்றும் குழந்தை மோசேயை எடுத்த பார்வோன் குமாரத்தியின் வரலாற்றை நம் மாணவர் அனைவரும் அறிவர். பிள்ளைக்குப் பாலூட்டி வளர்க்க ஒருத்தியை அவள் அழைப்பித்தபோது, வந்தவள் பெற்ற தாயே என்பது அவளுக்குத் தெரியாது. எனினும் குழந்தையைக் கையிற் கொடுக்கும்போதே, இதற்குரிய சம்பளம் தருவதாகத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்திலுள்ள இச்செய்தியை நாம் பலமுறை கேட்டும் கவனியாது கடந்திருக்கின்றோம். பிள்ளை வளர்த்தல் அன்பினாற் செய்யும் பணியேயாயினும் அதற்குக் கூலி உண்டென்பதும், அதனை முதலிலேயே பேசிவிட வேண்டுமென்பதும் அவ்வரசகுமாரிக்குத் தெரிந்திருந்தன.

நம் தமிழிலோ செவிலித்தாய்க்கு இருக்கும் பெருமை வேறெம்மொழியிலும் உண்டோ என ஐயுறுகின்றோம். அகப்பாடல்களில் நற்றாய்க்கு இணையாக, சிலவிடத்து அவளினும் மிகுதியாகச் செவிலி பேசுகின்றாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்காக அழுவோருள் அவளை வளர்த்த காவற்பெண்டும் ஒருத்தி. இவற்றினும் நம் கருத்தை ஈர்ப்பது மற்றொன்று. தலைவியின் உயிர்த்தோழி செவிலியின் மகளே என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கின்றது. வளர்ப்பவள் தன் மகளைப் பிரிந்து வரவில்லை; இரு பிள்ளைகளும் ஒரு முற்றத்தில் வளர்ந்தனர் என்பது இதனாற் பெறப்படும். ஆயா என்று இக்காலத்து நாம் வழங்கும் சொல் போர்த்துகீசியர் தந்தது. சொல் மாறியதோடு அம்முற்றமும் மாறிவிட்டது.

இன்று புதுச்சேரியில் கணவன் மனைவி இருவரும் உத்தியோகம் பார்க்கும் வீடுகள் பல. அவற்றுட் சிலவற்றில் அயலூர்ப் பெண்ணொருத்தி இரவும் பகலும் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்கின்றாள். அவள் சம்பளத்தைப்பற்றி வினவினால், "அவளை வேலைக்காரியாக நாங்கள் நினைப்பதேயில்லை, எங்கள் வீட்டில் ஒருத்தி" என்ற விடையே பெரும்பாலும் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை, மனமாரத்தான் சொல்கின்றனர். ஆயினும் வீட்டில் ஒருத்தியாயின் அவளுக்குப் பாகமுண்டோ? நோயுற்றுப் படுத்தால் அம்மாதச் சம்பளம் குறையாதோ? அவள் பிள்ளை பள்ளி விடுமுறையில் வந்து அக்கூடத்தில் விளையாடலாமோ? இவற்றிற்கு விடையில்லையாயின் அவ்வினிய சொல் கணக்கை மறைக்கும் திரையேயன்றி வேறன்று.

உழைப்பின் நேரத்தைக் கணக்கிடுவது இந்நகருக்குப் புதிதன்று. 1936 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி வெடித்தது. பன்னிருவர் மாண்டனர். தோழர் வ. சுப்பையா முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் பயனாக 1937 இல் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவிற் சட்டமாயிற்று. ஆலைக்குச் சங்கு உண்டு. ஊதியதும் கதவு திறக்கும். வீட்டினுள் இருப்பவளுக்குச் சங்கு ஏது? நள்ளிரவு இரண்டு மணிக்குக் குழந்தை வீறிட்டால் எழுபவள் அவளே. அவ்விரவை யாரும் வேலையென்று எண்ணுவதில்லை. படுத்துத்தானே இருந்தாள் என்கின்றனர்.

அப்பிரெஞ்சுக்காரர் தம் நாட்டில் இதற்கு ஒரு கணக்குச் செய்திருக்கின்றனர். வீட்டுப் பணியாளர்க்குரிய கூட்டொப்பந்தம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, குழந்தை உறங்கும்போது வேறு வேலையின்றிக் காவலிருக்கும் பகல் மணி ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு வேலைமணியாக மதிக்கப்படும். அழைத்தால் எழும் நிபந்தனையோடு அங்கேயே உறங்கும் இரவுக்கு மணிதோறும் கூலியில் நாலிலொரு பங்கேனும் தரவேண்டும். நம்மூர்க்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். மணிக்கூலி 50 ரூபாய் எனவும், இரவுக்காவல் எட்டு மணி எனவும் கொண்டால் ஓரிரவுக்கு 100 ரூபாய். மாதம் இருபத்தாறு இரவுக்கு 2,600 ரூபாய். பகற்சம்பளத்துக்கு மேற்பட்ட இத்தொகையை நம்முள் எத்தனை வீட்டார் கொடுக்கின்றனர்?

அந்நாட்டுப் பழைய சட்டமொன்று இதனினும் நம்மை உருக்கியது. தியோபில் ரூசேல் என்னும் மருத்துவர் சட்டமன்றத்திற் கொணர்ந்து 1874 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அது. பிறர் வீட்டில் தங்கிப் பாலூட்டச் செல்பவள் தன் ஊர் மேயரிடம் சான்றிதழ் பெறவேண்டும். அவளுடைய கடைசிக் குழந்தை உயிரோடிருக்கின்றதா, ஏழு மாதம் நிறைந்ததா, நிறையாவிடில் வேறொருத்தி அதற்குப் பாலூட்டுகின்றாளா என்பன அதில் எழுதப்படும். வளர்ப்பவளுக்கும் ஒரு குழந்தை உண்டு என்பதை அரசாங்கமே கேட்டறிந்தது.

கேளாதுவிட்டதன் விளைவை லண்டன் கண்டது. இந்தியாவிலிருந்து திரும்பிய ஆங்கிலேயக் குடும்பங்கள் கடற்பிரயாணத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாமாரை உடன் கொண்டுசென்றன. கரையிறங்கியபின் திரும்பிவரக் கப்பற்கூலியின்றி விடப்பட்டோர் பலர். அவர்களுக்கென ஒரு விடுதி இருந்தது. லண்டன் நகர மிஷன் அதனை 1900 முதல் ஹாக்னியில், கிங் எட்வர்ட் சாலை 26 ஆம் எண் வீட்டில் நடத்தியது. 2022 ஜூன் 16 இல் அவ்வீட்டின் சுவரில் நீல நினைவுப்பலகை பதிக்கப்பட்டது. மிஷன் செய்த தருமம் பாராட்டத்தக்கதே. ஆனால் போகவரக் கூலியை முதலில் எழுதி வைத்திருந்தால் அத்தருமத்துக்கு அத்துணைத் தேவை நேர்ந்திராது.

பலகை பதித்த நாள் வீட்டுப் பணியாளர்க்குரிய உலக நாளாகும். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 189 ஆம் உடன்படிக்கையை ஏற்றது 2011 இல் அதே நாளில்தான். வாரந்தோறும் தொடர்ந்து 24 மணி ஓய்வு, அவ்வோய்வில் வீட்டைவிட்டு வெளிச்செல்லும் உரிமை, தன் அடையாளச் சீட்டைத் தானே வைத்திருக்கும் உரிமை, மாதம் ஒருமுறையேனும் பணமாகச் சம்பளம் என்பன அதன் விதிகளிற் சில. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் உறுதிசெய்து கையெழுத்திடவில்லை. அண்டையிலுள்ள தமிழ்நாடு 2007 இல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைத்து, 2018 இல் குறைந்தபட்சக் கூலியையும் விதித்தது. 2025 ஜனவரி 29 இல் உச்சநீதிமன்றம், வீட்டுப் பணியாளர்க்குத் தனிச்சட்டம் வேண்டுமா என ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது.

சட்டம் வரும்வரை ஒரு தாள் போதும். வேலை நேரம், இரவுக்கூலி, வார ஓய்வு நாள், நோய்க்கால விடுப்பு, ஊர்ப்பிரயாணச் செலவு, அவள் பிள்ளை வந்து தங்கும் நாட்கள் ஆகியவற்றைத் தமிழில் இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை அவள் கையிற் கொடுக்கலாம். உணவுக்கும் இடத்துக்கும் சம்பளத்திற் பிடித்தம் செய்யலாகாது என்பதே நம் கருத்து. அங்கே தங்குவது அவள் வசதிக்கன்று, நம் குழந்தையின் வசதிக்கே. அவளுக்கு எழுத்தறிவு இல்லையெனின் வீட்டாரே வாசித்துக்காட்டுவது தக்கதன்று. அவள் நம்பும் மூன்றாமவர் ஒருவர் வாசிக்கட்டும். அண்டைத்தெருவில் நம் மாணவர் எவரேனும் இருப்பின் மாலை வேளையிற் சென்று அதனைச் செய்யலாம். அரைமணி நேர வேலைதான்.