பழைய காரின் பிரேக் விளக்கு: எல்.இ.டி. பழுதைக் கண்டறிந்து செப்பனிடும் முறை

மோட்டார் காரின் முன்விளக்கு ஓட்டுபவருக்கு வழி காட்டுவது. பிரேக் விளக்கோ பின்னால் வருபவருக்காக அமைந்தது. முன்விளக்கு கெட்டால் ஓட்டுபவர் உடனே அறிந்துகொள்வார். பிரேக் விளக்கு கெட்டால் அவர் அறிவதற்கு வழியில்லை. அதன் விளைவை முதலில் அனுபவிப்பவர் பின்னால் வரும் மனிதரே.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார்களில், பின் கண்ணாடியின் மேலோ அடியிலோ பொருத்தப்பட்ட மூன்றாவது பிரேக் விளக்கில் சில புள்ளிகள் மட்டும் ஒளிராமல் இருப்பதை நாம் சாலையில் அடிக்கடி காண்கிறோம். ‘மற்றவை எரிகின்றனவே’ என்று உரிமையாளர் வாளாவிருந்துவிடுகிறார். அவ்வாறு விட்டுவிடுவது ஏன் தகாது என்பதையும், அப்பழுதை எவ்வாறு கண்டுபிடித்துச் சரிசெய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நொடியில் ஐந்தில் ஒரு பங்கு

பழைய இழைவிளக்கில் டங்ஸ்டன் இழை சூடேறிய பின்னரே ஒளி பிறக்கிறது. பிரேக் விளக்கில் வழங்கும் 21 வாட் குமிழ் தன் முழு ஒளியை அடைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எல்.இ.டி. என்று வழங்கும் ஒளியுமிழ் டயோடு சூடேறக் காத்திருப்பதில்லை. மின்னோட்டம் பாய்ந்ததும், நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அது ஒளிர்கிறது.

இந்த 0.2 நொடியின் மதிப்பை ஒரு கணக்கால் அறியலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது; 0.2 நொடியில் 5 மீட்டர் கடந்துவிடும். இது ஒரு சிறிய காரின் நீளத்தைவிட அதிகம். பின்னால் வருபவர் அந்த ஐந்து மீட்டருக்கு முன்னதாகவே பிரேக்கை மிதிக்க வாய்ப்புப் பெறுகிறார்.

அமெரிக்க நாட்டில் 1986ஆம் ஆண்டு மாதிரி முதல் பயணியர் கார்களில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. இவ்விளக்கு பின்மோதல்களை நீண்டகால அளவில் 4.3 சதவீதம் குறைத்தது என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 1998இல் மதிப்பிட்டது. சதவீதம் சிறியதாகத் தோன்றினும், ஒரு நாடு முழுவதிலும் ஓடும் கார்களை எண்ணிப் பார்த்தால் அதன் பயன் பெரிது.

டயோடு ஒளிரும் விதம்

1907ஆம் ஆண்டில் ஆங்கிலப் பொறியாளர் ரவுண்ட் என்பார், கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் செலுத்தியபோது அது ஒளிர்வதைக் கண்டார். கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் டயோடை 1962இல் அமெரிக்கரான நிக் ஹோலொன்யாக் செய்து காட்டினார்.

டயோடில் இருவகைக் குறைகடத்திகள் ஒன்றோடொன்று பொருந்தும் சந்தி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் எலெக்ட்ரான்கள் மிகுதி. மறுபக்கத்தில் எலெக்ட்ரான் இல்லாத ‘துளைகள்’ மிகுதி. மின்னழுத்தத்தால் இவ்விரண்டும் சந்தியில் கூடும்போது வெளிப்படும் ஆற்றலே ஒளியாகிறது. பிரேக் விளக்குகளின் சிவப்பு டயோடுகளில் பெரும்பாலும் அலுமினியம், காலியம், இண்டியம், பாஸ்பரஸ் ஆகியவை சேர்ந்த படிகம் பயன்படுகிறது. ஒளிரும்பொழுது அத்தகைய டயோடு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்வரும் கணக்குகள் எல்லாம் இதனையே பற்றி நிற்கின்றன.

விளக்கின் உள்ளமைப்பு

உதாரணமாக, 16 டயோடுகள் உள்ள ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். நான்கு நான்காகத் தொடரிணைப்பில் கோத்த நான்கு சரங்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு சரத்தோடும் ஒரு மின்தடை சேர்ந்துள்ளது. நான்கு சரங்களும் பக்க இணைப்பில் நிற்கின்றன. பாட்டரியின் முனைகள் மாறிவிட்டால் விளக்கைக் காக்கும்பொருட்டு, நுழைவாயிலில் ஒரு காப்பு டயோடும் உண்டு, அது 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும்.

என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். இதில் காப்பு டயோடுக்கு 0.7, நான்கு ஒளியுமிழ் டயோடுகளுக்கு 8 ஆகியவை போக எஞ்சுவது 5.3 வோல்ட். சரத்தில் 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமாயின், ஓம் விதிப்படி மின்தடை 265 ஓம் ஆகிறது. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 270 ஓம். அது வெப்பமாகக் கழிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 0.1 வாட் ஆதலால், கால் வாட் மின்தடை போதுமானது. விளக்கு முழுவதும் கொள்ளும் மின்னோட்டம் 80 மில்லி ஆம்பியரே. 21 வாட் குமிழோ 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் கொள்ளும்.

எல்லா விளக்குகளும் இவ்வாறே அமைந்தவை அல்ல. சிலவற்றில் சரங்கள் ஏணிப்படி போலக் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் மின்தடைக்குப் பதிலாக மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்தும் சில்லு இருக்கும். ஆகவே முதற்கண் தகட்டின் செப்புத் தடத்தைப் பின்தொடர்ந்து, எது எதனோடு இணைந்துள்ளது என்று தாளில் வரைந்துகொள்ளுதல் நன்று.

இருளின் வடிவம் உணர்த்துவது

எந்தப் புள்ளிகள் இருண்டுள்ளன என்பதைக் கவனித்தாலே பழுது இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பிரேக்கை ஒருவர் மிதிக்க, மற்றொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது: விளக்கு முழுவதும் இருண்டிருத்தல். டயோடுகள் யாவும் ஒரே நாளில் அழிவது அரிது. பழுது பெரும்பாலும் விளக்குக்கு வெளியே இருக்கும். மற்ற பிரேக் விளக்குகளும் எரியவில்லையெனில் ஃபியூஸையும், மிதிகட்டையின் அருகிலுள்ள சுவிட்சையும் சோதிக்க வேண்டும். மூன்றாவது விளக்கு மட்டும் இருண்டிருப்பின், பின்கதவின் கீல் அருகே செல்லும் கம்பியை ஐயுறுக. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கே கம்பி வளைகிறது. ஆண்டுகள் செல்ல, மேலுறை கெடாமலிருக்க உள்ளேயுள்ள செப்பு இழைகள் அறுந்துபோகலாம்.

இரண்டாவது: நான்கு புள்ளிகள் சேர்ந்து இருண்டிருத்தல். இது ஒரு சரம் அறுந்ததன் அடையாளம். தொடரிணைப்பில் ஓரிடத்தில் பாதை முறிந்தாலும் சரம் முழுவதும் இருண்டுவிடும். எனவே நான்கு டயோடுகளும் கெட்டன என்று கருதலாகாது. மூன்று நல்லனவாகவே இருக்கலாம். நான்குமே நல்லனவாக இருந்து, ஈயப்பற்று ஒன்று விரிசல் கண்டிருக்கவும் கூடும். வெயிலில் நிற்கும் காரின் பின் கண்ணாடியருகே வெப்பம் மிகுகிறது, இரவில் தணிகிறது. தகடும் உலோகக் காலும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் ஈயப்பற்று நாளடைவில் களைத்து வெடிக்கிறது.

மூன்றாவது: ஒரு சரத்தில் ஒரு புள்ளி மட்டும் இருண்டு, அதன் தோழர்கள் மூன்றும் எரிதல். இங்கே டயோடு உள்ளுக்குள் குறுக்கிணைப்பு அடைந்துள்ளது. பார்வைக்குச் சிறிய பழுதாகத் தோன்றும் இதுவே அதிகக் கேடு விளைப்பது. அந்த டயோடு எடுத்துக்கொள்ள வேண்டிய 2 வோல்ட் இப்போது மின்தடைமேல் விழுகிறது, 5.3க்குப் பதில் 7.3 வோல்ட். ஆகவே சரத்தில் 20க்குப் பதில் 27 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. எஞ்சிய மூன்றும் அளவுக்கு மீறிச் சூடாகி, அவற்றுள் மற்றொன்றும் காலத்துக்கு முன்பே கெட ஏதுவாகிறது. ‘ஒரு புள்ளிதானே’ என்று விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நான்காவது: யாவும் மங்கலாக எரிதல். களிம்பேறிய இணைப்பு, அல்லது துருப்பிடித்த எர்த் இணைப்பு மின்னழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. வண்டி குலுங்கும்போது மட்டும் விளக்கு மின்னி அணையுமாயின் இணைப்பு தளர்ந்துள்ளது எனக் கொள்க.

திறந்து சோதித்தல்

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் இட்டு, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். விளக்கைக் கழற்றிய பின் அதன் மூடியைப் பார்க்கவும். திருகாணியால் இணைந்திருந்தால் எளிதில் திறக்கலாம். பசையால் ஒட்டியிருந்தால் மிதமான வெந்நிலைக் காற்றால் பசையை இளக்கித் திறக்கலாம். பிளாஸ்டிக் ஒன்றோடொன்று உருகி இணைந்ததாயின் திறக்கும்போது உடையக்கூடும். அத்தகைய விளக்கை முழுமையாக மாற்றிவிடுவதே அறிவுடைமை.

தகட்டை வெளியே எடுத்ததும் உருப்பெருக்குக் கண்ணாடியால் ஈயப்பற்றுகளைப் பார்க்கவும். டயோடின் காலைச் சுற்றி மெல்லிய கருவளையம் தெரிந்தால் அது விரிசல். அடுத்து, மல்டிமீட்டரை டயோடு சோதனை நிலையில் வைத்து, ஒவ்வொரு டயோடின் இரு கால்களையும் தொடுக. நல்ல சிவப்பு டயோடு 1.6 முதல் 2 வோல்ட் வரை காட்டும். பெரும்பாலும் மங்கலாக ஒளிரவும் செய்யும். இரு திசையிலும் ஒன்றும் காட்டாதது அறுந்தது. சுழியத்தை ஒட்டிக் காட்டுவது குறுக்கிணைப்புற்றது.

டயோடுகள் நல்லனவாயிருந்தும் சரம் எரியாவிடின், 12 வோல்ட் மின்சாரத்தை விளக்குக்குத் தந்து, 1000 ஓம் மின்தடை ஒன்றின் இரு முனைகளால் சரத்தின் ஒவ்வோர் இணைப்பையும் பாலமிட்டுப் பார்க்கலாம். எந்த இடத்தைப் பாலமிடும்போது இருண்ட சரம் மங்கலாக உயிர்பெறுகிறதோ அங்கேதான் முறிவு உள்ளது. ஒரு தனி டயோடை 12 வோல்ட்டோடு நேராக இணைத்துச் சோதிப்பது கூடாது. அது அக்கணமே எரிந்துபோகும். 1000 ஓம் மின்தடையைத் தொடராகச் சேர்த்தால் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் அளவில் அடங்கிவிடும்.

ஈயம் பற்றவைத்தல்

வெடித்த பற்றுக்குச் சிறிதளவு ஃப்ளக்ஸ் இட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி நீக்கிப் புதிய ஈயம் வைக்கவும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்று 183 டிகிரி சென்டிகிரேடில் உருகும். சால்டரிங் அயர்ன் ஏறத்தாழ 350 டிகிரியில் இருக்கலாம். ஆயினும் ஒரு காலை மூன்று நொடிக்கு மேல் தொடக்கூடாது. காரீயம் நஞ்சாதலால், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்து, முடிந்தபின் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும்.

டயோடை மாற்றவேண்டின் அதே அளவு, அதே ஒளிக்கோணம், அதே மின்னோட்டம் உடையதைத் தேர்க. நீண்ட கால் நேர்முனை. விளிம்பு தட்டையான பக்கம் எதிர்முனை. செந்நிற மூடிக்குப் பின்னால் வெள்ளை டயோடு வைப்பது பயனற்றது. அதன் ஒளியில் பெரும் பகுதியை மூடியே விழுங்கிவிடும். கூடுதல் ஒளி வேண்டி மின்தடையைக் குறைப்பதும் தவறு. அது மேலே கண்ட மூன்றாவது பழுதை நாமே உண்டாக்குவதாகும்.

மூடுதலும் இறுதிச் சோதனையும்

விளக்குக்குள் ஈரம் புகுந்தால் செப்புத் தடம் அரிக்கப்படும். ஆகவே மூடியைச் சிலிகோன் பசையால் அடைக்க வேண்டும். காடியின் மணம் வீசும் சிலிகோன் உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் செம்பை அரிக்கும். மின்கருவிகளுக்கென அமிலமின்றி உலரும் வகையையே வாங்குக. மூடியைப் பெட்ரோலால் துடைக்கலாகாது. பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். சோப்பு நீரே போதும்.

பொருத்திய பின் பாட்டரியை இணைத்து, என்ஜின் ஓடும் நிலையிலும் ஓடாத நிலையிலும் விளக்கைச் சோதிக்கவும். பின்விளக்குகளை ஏற்றியும் ஒருமுறை பார்க்கவும். அப்போது பிரேக் மிதிக்காமலே பிரேக் விளக்கு மங்கலாக ஒளிர்ந்தால் எர்த் இணைப்பை ஐயுற வேண்டும். இறுதியாக, நண்பகல் வெயிலில் முப்பது மீட்டர் தொலைவில் ஒருவரை நிறுத்தி, விளக்கு எரிவது தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டறிக. துணைக்கு ஆளில்லாத நாளில், இருட்டியபின் வண்டியைச் சுவருக்குப் பின்புறமாக நிறுத்தி, பிரேக்கை மிதித்துச் சுவரில் விழும் செவ்வொளியைக் கண்ணாடியில் பார்க்கலாம். மாதம் ஒருமுறை இச்சோதனையைச் செய்வதற்கு ஒரு நிமிடமே போதும்.