பாட்டன் வரவும் பேரன் செலவும்

கிராமத்துத் திண்ணைகளில் அடிக்கடி கேட்கப்படும் விவாதம் ஒன்று உண்டு. "இதே நிலத்தைக் கொண்டு பத்துப் பேரைக் காப்பாற்றினோம், இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை" என்பது முதியோர் கட்சி. "இந்த நிலத்தை நம்பி நான்கு பேர் ஜீவிக்கவும் வழியில்லை" என்பது இளையோர் கட்சி. இரு கட்சியிலும் பாதி உண்மை உண்டு. கணக்கு எழுதிப் பாராதபடியால் மற்றப் பாதி இரு திறத்தாருக்கும் தெரிவதில்லை. இவ்விவாதம் வெறும் பேச்சாக முடிவதும் இல்லை. நிலம் கைமாறுவதும், சகோதரர் மனஸ்தாபப்படுவதும், கடன் ஏறுவதும் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகின்றன. ஆதலின் தலைமுறைதோறும் குடும்ப வரவும், வாழ்க்கையைப் பற்றிய எதிர்பார்ப்பும் எவ்வாறு மாறுகின்றன என்பதை நிலமுடையோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

1. கிராம ஆராய்ச்சிகள் காட்டுவது

சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகிய கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் வருஷத்தில் தம் மாணாக்கரைக் கொண்டு சில கிராமங்களின் நிலைமையை ஆராய்ந்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகியவை அவற்றுட் சில. முடிவுகள் 1918-ல் புத்தகமாக வெளிவந்தன. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்னும் இருவர் 1936-37-ல் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து, 1940-ல் முடிவுகளை வெளியிட்டனர். இருவேல்பட்டு அதன் பின்னரும் 1961, 1981, 2008 ஆகிய வருஷங்களில் ஆராயப்பட்டது. ஒரே ஊரின் நான்கு தலைமுறை வரலாறு இவ்வாறு எழுத்தில் கிடைப்பது அரிது.

இவ்வாராய்ச்சிகளால் இரண்டு பாடங்கள் விளங்குகின்றன. முதலாவது: 1916-ல் இருவேல்பட்டில் நிலத்தின் பெரும்பகுதி ஒரு பெரிய குடும்பத்தின் வசத்தில் இருந்தது, அந்நிலத்தில் உழைத்த படியாட்கள் கடனால் கட்டுண்டிருந்தனர். கலியாணச் செலவுக்காக வாங்கிய கடன் அக்கட்டுக்கு ஒரு வாயிலாயிருந்தது. 2008-ல் அந்தப் படியாள் முறை மறைந்திருந்தது. உழைப்பாளர் குடும்பங்கள் ஊருக்கு வெளியிலும், விவசாயத்திற்கு வெளியிலும் சம்பாதித்தன. ஆகவே, பண்ணைக்குக் கூலியாள் கிடைப்பதில்லை என்று வருந்தும் மிராசுதாரர், அதே மாறுதல் வேறொரு குடும்பத்தின் விடுதலையாயிருப்பதையும் உணர வேண்டும்.

இரண்டாவது: 1929-க்குப்பின் உலகெங்கும் ஏற்பட்ட வியாபார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தது. விலை உயர்ந்திருந்த காலத்தில் வாங்கிய கடனோ ரூபாய்க் கணக்கில் குறையாமல் நின்றது. அதே கடனைத் தீர்க்க முன்னினும் அதிகமான நெல்லை விற்க நேர்ந்தது. வரவு ஒரே வருஷத்தில் இறங்கிவிடும். நல்ல காலத்தில் பழகிய செலவும், அக்காலத்தில் எழுதிக்கொடுத்த பத்திரமும் அவ்வளவு விரைவில் இறங்கமாட்டா.

2. நிலம் குறைந்தது, நெல் குறையவில்லை

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். பாட்டனுக்கு 12 ஏக்கர் நன்செய் இருந்தது என்றும், அவருக்கு இரு குமாரர், அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரு பிள்ளைகள் என்றும் கொள்க. பேரன் பங்குக்கு 3 ஏக்கர் வரும். இது அசாதாரணமான நிலைமையன்று. தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் 1970-71-ல் 1.45 ஹெக்டேராக இருந்தது, 2015-16-ல் 0.75 ஹெக்டேராயிற்று.

இனி விளைவைப் பார்க்கலாம். 1950-51-ல் இந்தியாவில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரி அரிசி விளைவு 668 கிலோ. 2022-23-ல் சுமார் 2,800 கிலோ. நெல்லாக மாற்றினால், ஏக்கருக்கு முன்னர் சுமார் 4 குவிண்டாலும், பின்னர் சுமார் 17 குவிண்டாலும் ஆகும். இந்தச் சராசரிப்படி ஒரு போகத்தில் பாட்டனின் 12 ஏக்கரில் ஏறக்குறைய 49 குவிண்டால். பேரனின் 3 ஏக்கரில் ஏறக்குறைய 52 குவிண்டால். ஊருக்கு ஊர் விளைவு மாறுபடுமாயினும் கணக்கின் போக்கு மாறாது. நிலம் நான்கில் ஒரு பங்காயிற்று. வீரிய வித்து, உரம், பாசனம் ஆகியவற்றால் விளைவு நான்கு மடங்காயிற்று. களத்தில் கிடக்கும் குவியல் ஒன்றே. நிலம் முன்போல் விளைவதில்லை என்னும் இளையோர் கூற்று, அளந்து பார்த்தால் நில்லாது. அவ்வாறாயின் பேரனுக்கு ஏன் போதவில்லை?

3. குவியலின் பயன் குறைந்த விதம்

பாட்டன் காலத்தில் வித்து வீட்டுக் குதிரிலிருந்து வந்தது, எரு வீட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது, ஏர்மாடும் வீட்டுடையது. அறுப்புக் கூலி களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. ரொக்கமாகச் சென்றது கிஸ்தியும், துணியும், உப்பும், மண்ணெண்ணெயும் போன்ற சிலவே. பேரனோ வித்து, உரம், பூச்சி மருந்து, டிராக்டர் வாடகை, அறுவடை இயந்திர வாடகை ஆகிய யாவற்றிற்கும் ரொக்கம் கொடுக்க வேண்டும்.

2024-25-ஆம் வருஷத்திற்கு மத்திய அரசு பொது ரக நெல்லுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அதற்கு அடிப்படையாகக் கொண்ட உற்பத்திச் செலவு, குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் சேர்த்து, 1,533 ரூபாய். பேரனின் 52 குவிண்டாலுக்கு மொத்த வரவு 1,19,600 ரூபாய். செலவு 79,716 ரூபாய். மிச்சம் சற்றேறக்குறைய 40,000 ரூபாய். குடும்பத்தார் தாமே வயலில் இறங்கி உழைத்தால் அக்கூலியும் வீட்டிலேயே தங்கும். இரண்டாம் போகம் உண்டானால் வரவு பெருகும். எனினும் ஒரு போகத்து மிச்சம் மாதத்திற்கு 3,300 ரூபாயே என்பதை மறைப்பதற்கில்லை.

குவியலின் வாங்கும் சக்தியும் குறைந்தது. 1980-81-ல் நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 105 ரூபாய். 1980-ல் ஒரு பவுன் தங்கம் ஏறக்குறைய 1,000 ரூபாய்ச் சுமாரில் விற்றது. பத்துக் குவிண்டால் விற்றால் ஒரு பவுன் வாங்கலாம். 2024-ஆம் வருஷ இறுதியில் பவுன் சுமார் 57,000 ரூபாய். அதற்கு 25 குவிண்டால் நெல் வேண்டும். அஃதாவது, மேற்கண்ட சராசரிப்படி ஒன்றரை ஏக்கரின் முழு விளைவு. செலவு நீக்கி வந்த மிச்சத்தைக் கொண்டு பார்த்தால், 3 ஏக்கரின் ஒரு போகம் ஒரு பவுனுக்கும் போதாது. தாய்க்குப் போட்டதுபோல் மகளுக்கும் போட வேண்டும் என்று தகப்பனார் எண்ணினால், அவர் ஆடம்பரம் எதுவும் புதிதாகச் சேர்க்காமலே செலவு இரண்டரை மடங்காகிறது.

4. தேவை மாறிய விதம்

வருமானம் உயர உயர, மொத்தச் செலவில் உணவின் பங்கு குறையும் என்பதை ஜெர்மானியப் புள்ளிவிவர நிபுணர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-ல் எடுத்துக்காட்டினார். இந்தியக் கிராமங்களிலும் அவ்வாறே நிகழ்ந்துள்ளது. 1999-2000-ல் கிராமக் குடும்பச் செலவில் 100-க்கு 59 பங்கு உணவுக்குச் சென்றது. 2022-23-ல் 46 பங்கு. தானியத்திற்கு மட்டும் சென்ற பங்கு 22-லிருந்து ஏறக்குறைய 5 ஆயிற்று. ஆகவே, நெல்லை மட்டும் விளைவிக்கும் குடும்பம், பிறர் செலவில் வருஷந்தோறும் சிறுத்துவரும் பகுதியையே தன் வரவாக நம்பியிருக்கிறது. பால், முட்டை, காய்கறி, பழம் ஆகியவற்றிற்கு ஜனங்கள் செலவிடுவது வளர்ந்திருப்பதால், அவற்றில் ஒன்றையேனும் பண்ணையிற் சேர்ப்பது உசிதம்.

புதிய செலவுகள் யாவும் வீண் என்பதும் தவறு. 1951-ஐ ஒட்டிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். 2014-18-ல் 69 வருஷத்திற்கு மேல். பாட்டன் வீட்டில் வைத்தியச் செலவு குறைவாயிருந்தது உண்மையே. தொட்டிலிலேயே இழந்த குழந்தைகளின் எண்ணிக்கை அவ்வீட்டுக் கணக்கில் ஏறவில்லை. பாட்டி கிணற்றிலிருந்து சுமந்த தண்ணீருக்கும், குத்திய நெல்லுக்கும், புகையில் கழித்த நாழிகைகளுக்கும் யாரும் கூலி கணக்கிட்டதில்லை. மின்சாரக் கட்டணமும் காஸ் அடுப்புச் செலவும் பேரன் கணக்கில் ஏறியிருப்பதன் பொருள், அவ்வுழைப்பு இறங்கியிருக்கிறது என்பதே.

5. வரவின் வாய்க்கால்கள்

விவசாயக் குடும்பத்தின் வரவு இப்பொழுது விளைச்சலால் மட்டும் வருவதன்று. 2012-13-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 6,426 ரூபாய். அதில் பயிரால் வந்தது 3,081, கூலி சம்பளத்தால் 2,071, கால்நடையால் 763. 2018-19 ஆய்வில் வருமானம் 10,218 ரூபாய். பயிரால் 3,798, கூலி சம்பளத்தால் 4,063, கால்நடையால் 1,582. ஆறு வருஷங்களில் பயிரின் பங்கு 100-க்கு 48-லிருந்து 37-க்கு இறங்கிற்று. கூலி சம்பளம் பயிரை முந்திற்று. கால்நடை வரவு இரு மடங்குக்கு மேலாயிற்று. விலைவாசி உயர்வை இத்தொகைகளிலிருந்து கழிக்கவில்லையாதலால், முழு உயர்வும் உண்மையான உயர்வன்று. குளம் ஒன்றே நம்பிய வயலைவிடக் குளமும் கிணறும் உள்ள வயல் பத்திரமானது, வரவும் அத்தகையதே. பிள்ளை ஒருவன் வெளியே வேலைக்குச் செல்வதை விவசாயத்தைக் கைவிட்டதாகக் கருத வேண்டுவதில்லை.

6. எதிர்பார்ப்பை மூன்றாகப் பிரித்தல்

குடும்பத்தார் விரும்பும் செலவுகளை மூவகையாக எழுதிக்கொள்வது நலம்.

முதல் வகை, பின்னர் வரவாகத் திரும்புவது: பிள்ளைகளின் படிப்பு, கிணறு, கறவை மாடு, காலத்தில் செய்யும் வைத்தியம். இதற்குத் தவணையறிந்து கடன் வாங்குவதில் தவறில்லை.

இரண்டாம் வகை, உழைப்பையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவது: குடிநீர்க் குழாய், கிரைண்டர், வண்டி. இதை வருஷ மிச்சத்திலிருந்து வாங்க வேண்டும்.

மூன்றாம் வகை, ஊரார் கண்ணுக்காகச் செய்வது: வரவுக்கு மீறிய கலியாணம், காதுகுத்து, தேவைக்கு மேற்பட்ட மாடி. இதை முன்னரே சேர்த்த பணத்திலன்றிச் செய்யலாகாது. மொய்யாக வந்த பணமும் திருப்பிச் செய்ய வேண்டிய கடனே.

மூன்றாம் வகைக்காகப் பயிர்க்கடனைத் தொடுவது பெருந்தவறு. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. அப்பணத்தைப் பந்தலில் செலவிட்டவர் தவணை தவறி, அச்சலுகையை இழந்து, அடுத்த போகத்திற்கு வெளியில் வட்டிக்கு வாங்குகிறார். 1916-ல் படியாளைக் கட்டிய கயிறு இதுவே. பட்டாதாரரையும் அது விடாது.

7. பாகமும் பட்டாவும்

தமிழ்நாட்டில் 1989 முதலும், இந்தியா முழுவதிலும் 2005-ஆம் வருஷத் திருத்தச் சட்டத்தாலும், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் புத்திரிக்கும் புத்திரனுக்கு ஒப்ப உரிமை உண்டு. நகையும் சீரும் கொடுத்ததோடு பங்கு தீர்ந்தது என்று எண்ணுவோர் பின்னர் வியாஜ்ஜியத்திற்கு உள்ளாவர். தகப்பனார் உயிரோடிருக்கும்பொழுதே யாவரும் கூடிப் பேசி எழுத்தில் முடித்தல் உத்தமம். பங்கு பிரிப்பதும் வயலைத் துண்டாடுவதும் ஒன்றல்ல. ஒருவர் சாகுபடி செய்து, மற்றவர்க்குக் குத்தகையோ கிரயமோ கொடுக்கலாம். கிணற்றையும் வாய்க்காலையும் பொதுவில் வைக்கலாம்.

பரம்பரைக் கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் 1980-ல் நீக்கப்பட்டபின் கிராமக் கணக்கு கிராம நிர்வாக அலுவலர் வசம் உள்ளது. காலஞ்சென்ற பாட்டன் பெயரிலேயே பட்டா நிற்கும் ஊர்களில், சாகுபடி செய்யும் பேரன் பயிர்க்கடனுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அலைய நேரிடுகிறது. அலுவலர்கள் அடங்கல் எழுதச் செல்லும்பொழுதே இத்தகைய பட்டாக்களைக் குறித்துக்கொண்டு, வாரிசுச் சான்றிதழும் பெயர் மாற்றமும் பெறும் வழியைக் குடிகளுக்குச் சொல்லுவார்களாயின் அது பேருதவியாகும்.

8. செய்யத் தக்கவை

தை அறுவடை முடிந்ததும் ஒரு நாள் குடும்பத்தார் யாவரும், பெண்டிரும் வயதுவந்த பிள்ளைகளும் உட்பட, ஒன்றாக அமர்ந்து கணக்கு எழுத வேண்டும். வரவுப் பக்கத்தில் பயிர், கால்நடை, கூலி சம்பளம், குத்தகை வாடகை என நான்கு பத்தி. செலவுப் பக்கத்தில் சாகுபடி, உணவு, படிப்பும் வைத்தியமும், வசதி, விசேஷம், வட்டி என ஆறு பத்தி போதும். வீட்டில் உண்ட நெல்லையும் பாலையும் சந்தை விலைக்கு மதிப்பிட்டு இருபுறமும் எழுதுக. குடும்பத்தார் உழைத்த நாட்களையும் குறித்து வைக்க வேண்டும்.

மூன்று வருஷம் இவ்வாறு எழுதினால், பிள்ளைகள் ஊதாரிகளா, நிலம் போதாததா என்னும் விவாதத்திற்கு அக்கணக்கே விடை சொல்லும். களத்துக் குவியல் தம் காலத்ததே என்றும், அதன் விலைதான் தாழ்ந்தது என்றும் முதியவர் காண்பார். எந்தச் செலவு தன் பிள்ளைக்கு வரவாகும், எது ஒரு நாள் வாத்தியத்தோடு போகும் என்று இளையவர் காண்பார். அவ்வாறு இருவரும் ஒரே கணக்கைப் பார்த்துத் தீர்மானிக்கும் வீட்டில், நிலத்தை விற்க நேர்ந்தாலும் அது ஆலோசித்துச் செய்ததாயிருக்கும்; கடனுக்குப் பயந்து செய்ததாயிராது.