தப்புக் கணக்கின் நியாயம்

பி.டி. என்னும் ஆசிரியப் பயிற்சிப் பட்டத்திற்காக நான் பயின்ற 1958-59ஆம் கல்வியாண்டில், கல்வி மனோதத்துவம் என்னும் பாடத்தை எங்களில் பெரும்பாலோர் வேதம் ஓதுவதுபோல் மனப்பாடம் செய்து, பரீட்சை மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வெளியேறினோம். பூனைகளைக் கூண்டில் அடைத்து அவை தாழ்ப்பாளைத் திறக்கக் கற்கும் விதத்தை 1898இல் ஆராய்ந்து எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் தார்ண்டைக் வகுத்த ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி ஆகிய மூன்றையும் நான் பிழையின்றி எழுதிக் கணிசமான மதிப்பெண்ணும் பெற்றேன். பெற்றவன், அடுத்த ஜூன் மாதத்தில் அவிநாசிக்கு வடக்கே ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் வேலை ஏற்ற முதல் வாரத்திலேயே, மாணவன் ஒருவனை அனுப்பிப் புளியம் விளார் ஒன்று ஒடித்துவரச் செய்தேன். தண்டனையானது தவற்றை அழித்துவிடும் என்ற தம் பழைய கருத்தை அதே தார்ண்டைக் 1930களின் தொடக்கத்தில் தாமே திருத்திக்கொண்டு, வெகுமதி கற்றலை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை தவற்றை வலுவிழக்கச் செய்வதில்லை என்று எழுதியிருந்தார் என்பதை நான் அறிந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. எங்கள் குறிப்புப் புத்தகம் அவருடைய முதற்பாதியோடு நின்றுவிட்டது. எங்கள் கையோ, அந்த முதற்பாதியிலும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது.

அந்த விளாரைக் கீழே வைக்கச் செய்தது எந்த நூலுமன்று. முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், படித்த ஒரு பையன். ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டைக் கழிக்கச் சொன்னால் இருபத்தாறு என்று எழுதுவான். எழுபத்தொன்றில் நாற்பத்தைந்தைக் கழிக்கச் சொன்னால் முப்பத்துநான்கு என்பான். இரண்டு வாரம் அடித்தேன். இரண்டு வாரமும் அதே விதமாகவே எழுதினான். அடித்துச் சலித்த ஒரு மாலையில், கோபம் தணிந்த காரணத்தாலன்றிக் கை வலித்த காரணத்தால், "எப்படிக் கண்ணு இந்தக் கணக்கைப் போட்டே? எனக்குச் சொல்லு" என்று கேட்டேன். அவன் சிலேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "பெருசுல இருந்து சிறுசைத்தானுங்க சார் கழிக்கோணும்? எட்டுல ரெண்டு போனா ஆறுங்க, அஞ்சுல மூணு போனா ரெண்டுங்க. நீங்கதானுங்களே அப்படிச் சொன்னீங்க" என்றான்.

நான்தான் சொல்லியிருந்தேன். பெரிய எண்ணிலிருந்தே சிறிய எண்ணைக் கழிக்கலாம் என்ற வாக்கியத்தை, முழு எண்களை மனத்திற்கொண்டு, வகுப்பின் முதல் நாளன்று கரும்பலகையின் முன் நின்று கம்பீரமாகச் சொல்லியிருந்தேன். எனக்கு முன்னே இரண்டாம் வகுப்பு உபாத்தியாயரும் சொல்லியிருக்கக் கூடும். பையன் அதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியே அனுசரித்தான். அவன் விடை தவறாயினும், அதனுள்ளே ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே அதற்காக அவனை அடித்துக்கொண்டும் இருந்தான்.

இந்தக் கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த வாரம் அன்னூர்ச் சந்தையில், தன் தாயார் கூறு கட்டி வைத்திருந்த கத்தரிக்காய்க்கு அருகே அவன் குந்தியிருக்கக் கண்டேன். நயா பைசா வந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம்; பெரியவர்கள் இன்னும் அணாவில் நினைத்துப் பைசாவில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்திரண்டு பைசாவுக்குக் காய் வாங்கிய ஒருவர் ஒரு ரூபாயை நீட்ட, பையன் தன் முன்னிருந்த சில்லறையில் விரலை ஓட்டி, "அறுவத்திரண்டு, இத்தோட மூணு அறுவத்தஞ்சு, இத்தோட பத்து எழுவத்தஞ்சு, இந்தா நாலணா, ஒரு ரூவா ஆச்சுங்க" என்று எண்ணி வைத்தான். கடன் வாங்கிக் கழித்தலில் அவன் தேறவில்லை என்று நான் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்த அதே வாரத்தில், கடனே வாங்காமல், கீழிருந்து மேலே நிரப்பிக்கொண்டு போகும் முறையால் முப்பத்தெட்டைத் துல்லியமாக அவன் கண்டு கொடுத்தான். திங்கட்கிழமை வகுப்பில் அவனையே கரும்பலகைக்கு அழைத்து, முப்பத்தெட்டுக் காசுக்குக் காய் வாங்கியவர் ஐம்பத்திரண்டு காசு கொடுத்தால் என்ன மிச்சம் தருவாய் என்று கேட்டேன். "முப்பத்தெட்டோட ரெண்டு நாப்பது, பத்து அம்பது, இன்னும் ரெண்டு" என்று சொல்லிப் பதினான்கை எழுதிவிட்டு, கீழே தான் முன்பு எழுதியிருந்த இருபத்தாறைப் பார்த்துச் சற்று நேரம் நின்றான். அதை அழி என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல்வி மனோதத்துவம் என்பது ஆசிரியருக்கு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கும்போது, நான் இந்தச் சந்தைக் கதையைத்தான் சொல்கிறேன். பிறர் மனத்தை ஊடுருவிப் பார்க்கும் மாய வித்தை என்றோ, புத்தியின் அளவை எண்ணால் குறித்துக் குழந்தைகளை வரிசைப்படுத்தும் தராசு என்றோ அதைக் கருதுவோர் உண்டு. என் அனுபவத்தில் அதன் முதற்பயன், குழந்தை ஏன் இவ்வாறு விடை சொன்னது என்ற கேள்வியைக் கோபம் வருவதற்கு முன்னே ஆசிரியர் வாயில் வரவழைப்பதே.

இதைத் தமிழில் கற்பதற்கு எங்கள் கொங்கு நாட்டவர் ஒருவரே வழி செய்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பெருமையும் வெட்கமும் கலந்த செய்தி. ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்த பெரியசாமித் தூரன், கோபிசெட்டிபாளையத்திலும் பின்னர் அவிநாசிலிங்கம் செட்டியார் தோற்றுவித்த பெரியநாயக்கன்பாளையம் ஸ்ரீராமகிருஷ்ண வித்யாலயத்திலும் பள்ளிப் பணி ஆற்றியவர். கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் என்றும், கீர்த்தனங்கள் இயற்றியவர் என்றும் அவரை நாடு அறியும். 'குழந்தை உள்ளம்', 'அடிமனம்', 'தாழ்வு மனப்பான்மை' என்று மனத்தைப் பற்றி எளிய தமிழில் வரிசையாக எழுதியவர் என்பதை ஆசிரியர்களே மறந்திருக்கிறார்கள். ஆங்கிலக் கலைச்சொற்களில் கட்டுண்டு கிடந்த விஷயம் தாய்மொழியில் வந்து அமர்ந்தபோது, அது பரீட்சைப் பாடமாக இல்லாமல், என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றிய பேச்சாக எனக்குத் தோன்றியது.

மொழியைப் பற்றிச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. நாம் சொல்லும் சொல்லே சில சமயம் குழந்தையைப் படுகுழியில் தள்ளிவிடும். 'பெருக்கல்' என்கிறோம், பெருக்கினால் பெருகும் என்று குழந்தை நம்புவதில் என்ன குற்றம்? அரையை அரையால் பெருக்கக் கால்தான் வருகிறது என்னும் நாளில் அதன் உலகமே ஆட்டம் கண்டுவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியர் உடைக்க வேண்டிவரும் எந்த விதியையும், இந்த ஆண்டு நித்திய சத்தியம் போல் சொல்லாதிருக்க நான் அதன் பிறகு பழகிக்கொண்டேன்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பியாஜேயின் ஆராய்ச்சிகளைப் பற்றி ஒரு கோடை விடுமுறைப் பயிற்சியில் கேள்வியுற்று, வீட்டில் ஐந்து வயது மகளிடம் பரீட்சித்தேன். அவளுக்கு ஏழு, எனக்கு ஏழு என்று இரண்டு வரிசையாகப் புளியங்கொட்டைகளை எதிரெதிரே அடுக்கினேன். இரண்டும் சமம் என்று ஒப்புக்கொண்டாள். என் வரிசையை மட்டும் அகல விரித்துவிட்டு மறுபடி கேட்டேன். "உங்களுதுதான் நெறையா இருக்குது" என்று முகம் சுருங்கிவிட்டது. ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடைப்பட்ட காலத்தில் நான் அவளுக்கு ஒன்றும் போதிக்கவில்லை. வயது வந்தது, விளையாட்டு நடந்தது.

ஆனால் இந்தச் சோதனைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஸ்காட்லாந்தின் மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் வெளியிட்ட நூலில், பெரியவர் ஒருவர் தம் கையாலேயே வரிசையைக் கலைத்து ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கும்போது, முதல் விடை பிழை போலும் என்று குழந்தை எண்ணிவிடவும் கூடும் என்ற கருத்தை விளக்கினார். இதைப் படித்தபோது நான் பியாஜேயை நினைக்கவில்லை, என் வகுப்பை நினைத்தேன். விடை சரியானால் "உட்கார்" என்போம். தவறானால் மட்டுமே "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்போம். ஆகவே ஆசிரியர் இன்னொரு முறை கேட்டாலே விடையை மாற்றிவிட வேண்டும் என்பதைத்தான் மாணவன் நம்மிடம் கற்கிறான். அன்று முதல் சரியான விடைக்கும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்கத் தொடங்கினேன். முதல் மாதம், சரியாகச் சொன்னவர்கள்கூட நடுங்கிப்போய் விடையை மாற்றினார்கள். பிறகு பழகிவிட்டது. சரியான விடை சொன்னவர்களில் சிலர் முற்றிலும் தவறான வழியில் அதை எட்டியிருந்தார்கள் என்ற விசித்திரமும் அப்போதுதான் வெளிப்பட்டது.

மறதியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஜெர்மனியின் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளுக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் நழுவிவிடுகின்றன என்றும், அதன்பின் நழுவும் வேகம் தணிகிறது என்றும் கண்டார். பொருளுள்ள பாடம் அவ்வளவு விரைவில் மறப்பதில்லை எனினும், மறதியின் போக்கு இத்தகையதே. எனவே ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிஷம், புத்தகத்தைத் திறவாமல், நேற்றைய பாடத்தை மாணவரே சொல்லும்படி வைத்தேன். மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் அதையே ஒரு முறை தொட்டேன். வேலையாகப் பள்ளிக்கு வந்து ஜன்னலோரம் நின்ற ஒரு குடியானவர், "ஏனுங் வாத்தியாரே, நேத்து நடத்துனதையே இன்னைக்கும் நடத்துறீங்களே" என்றார். நான் எபிங்ஹவுஸை எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாறிக்கொண்டிருக்கையில் அவரே, "அதுவுஞ் சரிதானுங்க, வெதச்சன்னைக்குத் தண்ணி கட்டுனாலும் மூணாம் நாளு உசிர்த்தண்ணி உடோணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். எங்களுக்கு நடத்திய விரிவுரைகளில் இவ்வளவு சுருக்கம் இருந்ததில்லை.

முதல் பாடவேளையில் தூங்கிவிழும் பையன்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. விடியுமுன் எழுந்து மாட்டைக் கறந்து பாலை ஊற்றிவிட்டு, பழைய சோறுகூடக் கிடைக்காமல் வருபவனுக்குக் கவனக் குறைவு என்று பெயர் சூட்டுவதற்கு முன், அவன் சாப்பிட்டானா என்று கேட்பது எந்த மனோதத்துவ நூலையும் எதிர்பார்த்து நிற்க வேண்டிய காரியமன்று.

நான் செய்த பெரும்பிழை வேறு. பல ஆண்டுகள், முதல் மாதப் பரீட்சை முடிந்தவுடன் மாணவரைக் கெட்டி, நடுத்தரம், மந்தம் என்று மனத்துக்குள் பிரித்து, அந்தப் பிரிவுப்படியே பெஞ்சுகளில் உட்காரவும் வைத்தேன். அமெரிக்காவில் ரோசென்தால், ஜேக்கப்சன் என்னும் இருவர், ஒரு தொடக்கப் பள்ளியில் குலுக்கலில் தேர்ந்த சில குழந்தைகளின் பெயர்களை ஆசிரியரிடம் கொடுத்து, இவர்கள் விரைவில் மலரப் போகிறவர்கள் என்று சொல்லி வைத்து, ஆண்டு முடிவில் அத்தகைய குழந்தைகள், குறிப்பாகக் கீழ் வகுப்பினர், சோதனையில் மற்றவர்களைவிட முன்னேறியிருந்ததாக 1968இல் எழுதினார்கள். அந்த முடிவின் அளவைப் பற்றிப் பின்னர் அறிஞர்கள் கடுமையாகத் தர்க்கித்திருக்கிறார்கள். அவர்கள் சந்தேகம் நியாயமானதே. எனக்கோ அந்தச் சர்ச்சையின் தீர்ப்பு தேவைப்படவில்லை. கடைசிப் பெஞ்சில் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறேன், முதல் பெஞ்சில் எத்தனை விநாடி காத்திருக்கிறேன் என்று என் கைக்கடிகாரத்தை வைத்து ஒரு வாரம் நானே பார்த்தேன். கெட்டிக்காரனுக்குக் காத்திருந்தேன், மந்தன் வாய் திறக்குமுன் அடுத்தவனைக் கூப்பிட்டேன். மறு வாரம் பெஞ்சுகளைக் கலைத்துவிட்டேன்.

ஓய்வு பெறும்வரை நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். இளம் ஆசிரியர் கேட்டால் இந்த ஒன்றையே முதலில் செய்யச் சொல்வேன்: இடப்பக்கத்தில் மாணவரின் தவறான விடை, வலப்பக்கத்தில் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம், வேறொன்றும் வேண்டாம். அவ்வப்போது இன்றும் அதைப் புரட்டுகிறேன். பெரும்பாலும் வலப்பக்கமே இடப்பக்கத்தைவிட நீண்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் அப்படியில்லை. வகுப்பில் சிலேட்டில் போடும் கணக்கெல்லாம் சரியாகவும், பரீட்சைத் தாளை எப்போதும் வெறுமையாகவும் கொடுத்த ஒரு பெண், இரண்டாம் பாரம். அரைப் பரீட்சைத் தாளைத் திருத்திய அன்று அவள் பெயரையும் கணக்கின் எண்ணையும் எழுதி, நாளை கேட்க வேண்டும் என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, அவள் தறிக்கு நூல் சுற்றப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். வலப்பக்கத்தில் பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. அதன் கீழே ஒன்றுமில்லை.