ஏரித் தண்ணீரை ஊரோடு சேர்ந்து காப்பது எப்படி? தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்குகிறோம். பிளாஸ்டிக் பொறுக்குகிறோம், படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அடுத்த மழைக்கு ஏரி பழையபடி ஆகிவிடுகிறது. அழுக்கில் பெரும்பங்கு ஏரியில் பிறப்பதில்லை, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாக வந்து சேர்கிறது. அந்த வழியை அன்றாடம் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களால்தான் முடியும். தமிழ்நாட்டுப் பாசன ஏரி ஒன்றை மனத்தில் வைத்து, படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் ஆட்களைத் தேடுங்கள்

ஒரே ஏரி ஆயக்கட்டுதாரருக்குப் பாசனம், மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கு முதலீடு, துணி துவைப்பவருக்குத் துறை, ஆடுமாடு மேய்ப்பவருக்குத் தண்ணீர்த்தொட்டி. இவர்கள் எல்லோரையும் சந்தியுங்கள். மடை திறந்து விடும் நீர்க்கட்டியிடம் முதலில் போங்கள். தென்மாவட்டங்களில் அவரை நீர்ப்பாய்ச்சி என்பார்கள். தண்ணீர் எந்த வருஷம் நிறம் மாறியது, எந்தப் பக்கத்திலிருந்து நாற்றம் வருகிறது என்று அவரைக் கேளுங்கள். யோசனை சொல்ல அவசரப்படாதீர்கள்.

2. வரத்துக்காலில் நடங்கள்

நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் ஏரியிலிருந்து மேல்நோக்கி நடங்கள். தெருச் சாக்கடை இறங்கும் இடம், கழிவுநீர் லாரி கொட்டும் இடம், இறைச்சிக் கழிவு, குப்பைமேடு, பட்டறைக் குழாய் என ஒவ்வொன்றையும் தாளில் குறியுங்கள். நம் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால், மிகுதித் தண்ணீர் அதன் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்கு வரும். அதனால் மேல் ஏரியின் ஊர்க்காரர்களிடமும் பேசியாக வேண்டும்.

3. பொறுப்பு யாருடையது?

பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரி நீர்வளத்துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும், நில விவரம் உள்ள அ-பதிவேடும் பாருங்கள். கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ஆக்கிரமிப்புச் சண்டையோடு வேலையைத் தொடங்காதீர்கள், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். எல்லையை அளப்பது வருவாய்த்துறையின் வேலை.

4. தண்ணீரை அளக்கப் பழகுங்கள்

- தெளிவு: 20 செ.மீ. அகலமுள்ள வட்டத் தட்டில் கறுப்பும் வெள்ளையும் அடித்து, அளவு குறித்த கயிற்றில் கட்டி இறக்குங்கள். அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுதுங்கள்.
- அமில, காரத்தன்மை: பிஎச் தாளில் 6.5 முதல் 8.5 வரை இருந்தால் கவலை இல்லை. பாசி மண்டிய ஏரியில் பிற்பகலில் அளவு ஏறும், ஆகவே எப்போதும் ஒரே நேரத்தில் அளக்கவும்.
- கரைந்த ஆக்சிஜன்: லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மீனுக்கு ஆபத்து. விடியற்காலையில்தான் இது மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதும் அந்த நேரத்தில்தான்.

மாதம் ஒருமுறை அளக்கும் பொறுப்பைப் பள்ளி மாணவர்களிடம் கொடுங்கள். சாயக்கழிவு, ஆலைக்கழிவு என்று சந்தேகம் வந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

5. ஒரே ஒரு சாக்கடை வாயை எடுத்துக்கொள்ளுங்கள்

பத்து இடத்தில் சாக்கடை இறங்கினாலும், முதல் வருஷம் ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். அந்தச் சாக்கடை ஏரியைத் தொடும் முன் வண்டல் தங்க ஒரு குழி, அதையடுத்துக் கோரையும் சம்பும் வளர்ந்த ஒரு பள்ளம் இருந்தாலே அழுக்கில் ஒரு பகுதி அங்கே நின்றுவிடும். இதற்கும் ஏரிக்குப் பொறுப்பான அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

ஆகாயத்தாமரை நோயல்ல, நோயின் அறிகுறி. சாக்கடையும் உரமும் சேர்ந்த தண்ணீரில்தான் அது கொழிக்கும். பிடுங்கிக் கரையிலேயே போட்டால் அழுகி, மழையில் மறுபடி உள்ளே போகும். தள்ளிக் கொண்டுபோய் மக்கவையுங்கள். மீனுக்குக் கோழிக்கழிவு போடும் குத்தகைதாரர் இருந்தால், அடுத்த ஏலத்தின் நிபந்தனையிலேயே அதைத் தடைசெய்யச் சொல்லுங்கள்.

6. கிராம சபையில் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். "ஏரியைக் காக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பலன் இல்லை. எந்த இடம், என்ன வேலை, எந்த அலுவலர், எந்தத் தேதிக்குள் என்று எழுதவையுங்கள். தீர்மான நகலைக் கையோடு கேளுங்கள். நகரத்து ஏரியானால் பகுதி சபைக் கூட்டத்தில் பேசுங்கள்.

7. ஆள் மாறட்டும், வேலை நிற்கக்கூடாது

10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியம் என்ற குழுவைக் குறிப்பிடுகிறது. ஓலைச்சீட்டுக் குலுக்கலான குடவோலையில் தேர்வான உறுப்பினர்களுக்குப் பதவிக்காலம் 360 நாள்தான். உங்கள் குழுவிலும் ஆண்டுதோறும் ஆட்களை மாற்றுங்கள், அளவுகளை எழுதும் நோட்டு மட்டும் கைமாறிப் போகட்டும். துறையில் நிற்கும் பெண்களுக்கும் கால்நடை மேய்ப்பவர்களுக்கும் குழுவில் இடம் கொடுங்கள்.

அடுத்த மழைக்குக் கையுறையை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு நீர்க்கட்டியோடு வரத்துக்காலில் நடந்து பாருங்கள்.