நாட்பட்ட நோவுக்கு எது துணை: நடையா, நீரா, கைவேலையா, பாட்டா?

மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் தொடரும் நோவை நாட்பட்ட வலி என்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், அது தனி நோயாகவும் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. திருகோணமலை மாவட்டத்தில் இந்த நோவோடு வாழ்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2006, 2007 காலத்தில் கிழக்கை ஆட்டிய சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், மூட்டு நோ நீடித்தது. 2025 இல் அந்தக் காய்ச்சல் நாட்டில் மறுபடி பரவியது. இலங்கைத்துறை முகத்துவாரத்திலிருந்து புல்மோட்டை வரை கரைவலை இழுத்தவர்களின் இடுப்பு, கந்தளாய் வயல்களில் களை பிடுங்கியவர்களின் முதுகு, 2006 இல் மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் காயப்பட்டுத் தப்பியவர்களின் கைகால் என்று அதன் வேர்கள் பல. எல்லோருக்கும் கிடைக்கும் முதல் தெரிவு குளிசைதான். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது, அவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதைச் சொல்ல அவசரமான கிளினிக் வரிசையில் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

குளிசையை நிறுத்துங்கள் என்று இங்கே சொல்லவில்லை. அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட பரிந்துரையை இங்குள்ளவர்களும் அறிந்திருப்பது நல்லது. வேறு நோயால் விளக்க முடியாத நாட்பட்ட வலிக்குப் பரசிட்டமோல், டைக்ளோபெனாக் போன்ற வலிக் குளிசைகளைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும், உடற்பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள் என்றும் அது வைத்தியர்களுக்குக் கூறியது. பதவி ஸ்ரீபுர பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளைப் பாதித்திருக்கிறது என்று தெரிந்த மாவட்டம் இது. டைக்ளோபெனாக் இனத்துக் குளிசைகளை நெடுநாள் விழுங்கினால் சிறுநீரகத்துக்குக் கேடு. பாமசியில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் போடுவது இங்கே வேறெங்கும் இருப்பதை விட ஆபத்தான பழக்கம்.

நோ எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளங்கினால் தெரிவு எளிதாகும். மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965 இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி மூளைக்கு நேரே போய்ச் சேருவதில்லை, முள்ளந்தண்டில் ஒரு வாசல் இருக்கிறது, தொடுகை, கவனம், பயம், மனநிலை எல்லாம் அந்த வாசலைத் திறக்கவோ சாத்தவோ வல்லவை என்பது அதன் சாரம். விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்தது. நோ நாட்படும்போது அந்த நரம்பு வழியே கூர்மையடைகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் மண்சட்டியில் குழம்பு கொதிப்பதுபோல, புண் ஆறிய பிறகும் நரம்பு கொதிக்கிறது. அப்போது நோகிறதே என்று அசையாமல் கிடந்தால் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, பயம் கூடுகிறது, அடுத்த அசைவு இன்னும் கூடுதலாக நோகிறது.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. காலையில் நாலு மணிக்கு எழும்பி, தண்ணி அள்ளி, வயலுக்குப் போய், மாலையில் விறகோடு திரும்பும் பெண்ணுக்கு உடற்பயிற்சி எதற்கு? கரைவலை இழுக்கும் மனிதரை விடவா ஒருவர் உடம்பை அசைக்கப் போகிறார்? வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு அசைவில் இல்லை, அளவு யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. வலை பாதி வந்திருக்கும்போது இடுப்பு நோகிறது என்று கயிற்றை விட முடியாது. இன்றைக்கு இவ்வளவு போதுமா என்று வேலை நம்மைக் கேட்காது. தாங்கக்கூடியதை விடக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டி, கூடாத நாளில் குறைத்து, ஆனால் விடாமல் செய்வதுதான் கூர்மையடைந்த நரம்பைத் தணிக்கும். ஆகவே எந்தத் தெரிவை எடைபோடும்போதும் ஒரு கேள்வியை முன்னே வைக்கிறேன்: தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் கையில் இருக்கிறதா? இரண்டாவது கேள்வி, வாடைக்காற்று அடிக்கும் மாதங்களிலும் நோ கூடிய நாட்களிலும் அதைத் தொடர முடியுமா? எது அதிகம் நோவைக் குறைக்கும் என்ற கேள்வியை மூன்றாவதாகத்தான் வைக்க வேண்டும். ஏனென்றால் பயிற்சிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறிது, செய்பவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வேறுபாடுதான் பெரிது.

நடை இந்தக் கேள்விகளில் முதலிடம் பெறுகிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2024 இல் லான்செட் இதழில் வந்தது. முதுகு நோ வந்து மாறியவர்களில் ஒரு பகுதியினருக்கு, இயன் மருத்துவரின் வழிகாட்டலோடு சிறுகச் சிறுகக் கூட்டும் நடைப் பயிற்சி கொடுத்தார்கள். நோ திரும்ப வருவதற்கு நடக்காதவர்களுக்கு நடுவளவில் 112 நாள் எடுத்தது, நடந்தவர்களுக்கு 208 நாள். செலவு ஒரு சோடி செருப்பு. ஆனால் கடற்கரை ஊரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உலர்ந்த மணலில் கால் புதைந்து புதைந்து நடப்பது முழங்காலுக்கும் குதிக்காலுக்கும் கடினமான வேலை. அலை நனைத்து இறுகிய மணல் நல்லது, ஆனால் அது கடல் பக்கம் சாய்ந்திருக்கும், ஒரு கால் தாழ ஒரு கால் உயர நடக்க நேரும். போன தூரத்துக்கே திரும்பி நடந்தால் அது ஓரளவு சரிக்கட்டும். இடுப்பு நோ உள்ளவர் சமமான ஊர் ஒழுங்கையில் தொடங்குவது மேல். வெயில் ஏறுமுன் ஐந்து நிமிடத்தோடு தொடங்கினால் போதும். பெண் தனியே நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது பல கிராமங்களில் உண்மையான தடை. அதற்குப் பதில் துணிச்சல் உபதேசம் அல்ல, நாலு பேராகப் போவது. அதுவும் முடியாத வீட்டில் வளவுக்குள் சுற்றி நடந்தாலும் நடைதான்.

முழங்கால் நடக்க விடவில்லை என்றால் நீர். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைத் தண்ணீர் தாங்குகிறது. நாட்பட்ட முதுகு நோ உள்ள 113 பேரைக் கொண்டு சீனாவில் நடந்து 2022 இல் வெளிவந்த ஆய்வில், 12 வாரம் நீரில் பயிற்சி செய்தவர்கள், மின்தூண்டல், வெப்பம் போன்ற சிகிச்சை பெற்றவர்களை விடத் தேறினார்கள், ஒரு வருடத்துக்குப் பிறகும் அந்த நன்மை தெரிந்தது. கச்சான் வீசும் மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிக் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். நீந்தத் தேவையில்லை, இடுப்பளவில் நடந்தால் போதும், ஆனால் ஒருபோதும் தனியே இறங்கக் கூடாது. வாடை தொடங்கினால் இந்தத் தெரிவு மூடப்படுகிறது. அதுதான் இதன் குறை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பலர் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். ஏழு கிணறும் சிறியவை, இறங்கி அசைய இடமில்லை, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதுதான் வழக்கம். அந்தச் சூடு தசையை இளக்கிக் கொஞ்ச நேரம் சுகம் தரும், பயிற்சி ஆகாது. தோள் நோ உள்ளவர் வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பித் தூக்காமல், ஊற்றிய சூடு ஆறுமுன் சிறிது நடந்தால் முழுப் பயன் கிட்டும். வீட்டில் காய்ச்சிய தண்ணீரும் இதையே செய்யும்.

யோகா, சீனத்து மெது அசைவான தாய்ச்சி, கதிரையில் இருந்து எழும்பி இருத்தல் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கலாம். தாய்ச்சியைப் பற்றி 226 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2018 இல் வந்தது. உடம்பெங்கும் நோகும் நோயாளிகளுக்கு அது வேகப் பயிற்சிக்கு நிகராகவோ மேலாகவோ உதவியது. சிக்குன்குனியாவுக்குப் பின் மூட்டு நோ நீடித்தவர்களுக்குப் பிரேசிலில் பிலாத்தேஸ் என்ற மெதுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும் நோ குறைந்தது. யோகாவுக்கு மதக் காரணத்தால் தயங்குபவர்கள் தயங்கட்டும், அவர்கள் இழப்பதற்கு ஒன்றுமில்லை. உயரமான கதிரையில் நெஞ்சில் கைகட்டி இருந்து, மெல்ல எழும்பி, தொப்பென்று விழுந்துவிடாமல் மூன்று எண்ணியபடி மெல்ல இருந்தால் தொடைக்கும் இடுப்புக்கும் வேண்டிய பயிற்சி கிடைத்துவிடுகிறது. வாடை மழையில் வெளியே போக முடியாத மாதங்களுக்கு இதுதான் நம்பத்தகுந்த மாற்று.

கைவேலைக்கு வருவோம். பாய் இழைத்தல், பனையோலைப் பெட்டி பின்னுதல், வலை பொத்துதல், தையல், பூக்கட்டுதல் எல்லாம் இங்கே பிறவியோடு வந்த கைப்பழக்கங்கள். கை தாளமாக இயங்கும்போது கவனம் நோவை விட்டு விலகுகிறது என்பது பலரும் சொல்லும் அனுபவம். ஆனால் ஆதாரம் உடற்பயிற்சிக்கு இருப்பதுபோல் வலுவாக இல்லை என்பதை மறைக்கக் கூடாது. பின்னல் வேலை செய்யும் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2013 இல் வெளிவந்த கருத்துக்கணிப்பு, மனம் அமைதியடைகிறது என்ற பதிலையே பெற்றது. நோவை ஒப்பிட்டு அளந்த ஆய்வல்ல அது. இன்னொரு பக்கமும் உண்டு. பன்பாய் இழைப்பவர் நிலத்தில் இருந்து, ஒரு காலை மடக்கி, முன்னே வளைந்து, பெருவிரலால் ஒவ்வொரு பன்னையும் இறுக்குகிறார். முதுகு நோவும் பெருவிரல் அடிமூட்டு நோவும் உள்ளவருக்கு அது மருந்தல்ல, நோவை வளர்க்கும் வேலை. வேலையை மேசை உயரத்துக்குக் கொண்டுவர முடிந்தால், தடித்த ஊசியும் பருத்த நூலும் கொண்ட பின்னலுக்கு மாறினால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி நின்றால் அதே கை நன்மை செய்யும். எல்லாவற்றுக்கும் மேல், விற்பனைக்கு ஓடர் எடுத்த அன்றே அளவு கைமாறிவிடுகிறது. வாழ்வாதாரத் திட்டங்களை நடத்துவோர் இதை யோசிக்க வேண்டும். நோவுக்கென்று ஒரு பெண்ணுக்குக் கைவேலையைக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் நூறு பெட்டி வேண்டும் என்றால் கொடுத்ததைப் பறித்ததாகும்.

பாட்டின் கதை வேறு. 2010 இல் இதழில் வந்த ஆய்வொன்றில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படகோட்டிகளைத் தனியேயும் சேர்ந்தும் துடுப்புப் பயிற்சி செய்ய வைத்தார்கள். உழைப்பு ஒன்றுதான், ஆனால் தாளம் ஒத்துச் சேர்ந்து செய்தபோது வலியைத் தாங்கும் எல்லை கூடியது. 2012 இல், பாடுவதும் ஆடுவதும் மேளம் தட்டுவதும் அதே எல்லையை உயர்த்தின, இசையைக் கேட்பது மட்டும் அப்படிச் செய்யவில்லை என்று கண்டார்கள். இவை நோயாளிகளிடம் செய்யப்பட்டவை அல்ல, ஆகவே அளவோடு நம்ப வேண்டும். ஆனால் கரைவலைக் கயிற்றை அம்பாப் பாட்டோடு இழுத்த தலைமுறைக்கு இதில் புதுமை இல்லை. கும்மி, கோலாட்டம், முஸ்லிம் ஊர்களின் களிகம்பு, கூத்துச் சபையின் பிற்பாட்டு எல்லாவற்றிலும் தாளமும் கூட்டமும் இருக்கின்றன. ஆட முடியாதவர் இருந்தபடி கைதட்டிப் பாடலாம். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. தனிமைதான் நாட்பட்ட நோவின் இன்னொரு பாதி என்பதால் இந்தத் தெரிவை நடைக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன்.

எழுதுதல் மலிவானது, ஆனால் எல்லோருக்கும் உரியதல்ல. ஆஸ்துமாவோ மூட்டுவாதமோ உள்ள 112 பேரிடம் நடந்த 1999 ஆம் ஆண்டு ஆய்வில், மனத்தை அழுத்திய சம்பவத்தை மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் எழுதியவர்கள் நாலு மாதத்தில் தேறியிருந்தார்கள். யுத்தமும் 2004 சுனாமியும் கடந்துபோன மாவட்டத்தில் அப்படித் தனியே எழுதத் தொடங்குவது சிலரை மீண்டும் அந்த நாளுக்குள் தள்ளிவிடும். நித்திரை கெட்டால் நிறுத்திவிட்டு, மனநலப் பிரிவில் பேசிக்கொண்டே எழுதுவதுதான் சரி.

பாட்டும் கைவேலையும் உதவும் என்றால் நோ வெறும் மனப்பிரமை என்றா பொருள் என்று கேட்பார்கள். இல்லை. நோ உண்மை, அது நரம்பிலும் மூளையிலும் உருவாகிறது, அதனால்தான் அந்த வழியாக அதை அணுக முடிகிறது. பலன் சிறிதுதானே என்ற மறுப்பிலும் உண்மை உண்டு. நாட்பட்ட முதுகு நோவுக்கான 249 ஆய்வுகளைத் திரட்டிய 2021 ஆம் ஆண்டு மதிப்பீட்டில், பயிற்சி நோவை நூற்றுக்குச் சுமார் 15 புள்ளி குறைத்தது. நோவை அடியோடு போக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் பதினைந்து, பஸ் படியில் ஏற முடிவதற்கும் முடியாமல் திரும்புவதற்கும் இடையே நிற்கலாம். இன்னும், காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிதல், கால் மரத்து விழுதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, மூட்டு சிவந்து வீங்குதல் இருந்தால் பயிற்சி அல்ல, உடனே வைத்தியசாலை. உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எந்த அசைவு கூடாது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

என் தீர்ப்பு இது. பெரும்பாலோருக்கு முதலில் நடை, முடியாதவருக்குக் கச்சானில் கடலும் வாடையில் கதிரையும். அதோடு வாரத்தில் ஒருமுறையாவது கூடிப் பாடுதல். கைவேலை மூன்றாவது, விலை பேசாமல். நேற்று நன்றாக இருந்தது என்று இன்று இரட்டிப்பாக்காதீர்கள், இன்று நோகிறது என்று முழுதாக விடாதீர்கள், பாதியாவது செய்யுங்கள். ஆறு வாரம் போன பிறகு நோவின் எண்ணைப் பாராமல், முன்பு முடியாத எது இப்போது முடிகிறது என்று பாருங்கள். அடுத்த கிளினிக் நாளில் இயன் மருத்துவரிடம் அனுப்ப முடியுமா என்று வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கள். மாதர் சங்கங்களுக்கும் முதியோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதக் கூட்டத்தின் முதல் இருபது நிமிடத்தைக் கதிரைப் பயிற்சிக்கும் ஒரு பாட்டுக்கும் ஒதுக்குங்கள். கதிரைகள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன.