அறை முழுவதும் கம்பளம் பதித்தல்

கோரைப் பாயைப் பற்றித் திண்டிவனம் வட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள வந்தவாசியில் நெய்த பாயைக் காலையில் உதறிச் சுருட்டி மூலையிற் சாத்தி விடலாம். சுவருக்குச் சுவர் பதிக்கும் கம்பளத்தை அவ்வாறு எடுக்க இயலாது. கூட்ட அறைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் எதிரொலியை அடக்கும் பொருட்டு இதனைப் பதிக்கின்றனர். இத்தொழிலைக் கற்க விழையும் விழுப்புரம், திண்டிவனம் பகுதி இளைஞர்கள் முதலில் அஞ்ச வேண்டுவது ஈரத்திற்கு, அடுத்து, ஆணிக்கு.

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஃபெங்கல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழைக்குப் பின் சிமெண்டுத் தரை மேலே உலர்ந்து காணப்பட்டாலும் உள்ளே நீர் தங்கியிருக்கக்கூடும். அதன்மேற் கம்பளம் பதித்தால் பூஞ்சை பிடிக்கும், ஆணிகள் துருவேறும். எனவே, இரண்டடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்து, ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் அடியில் நீர் முத்துகள் திரண்டால் வேலையைத் தள்ளிப் போடுக. கட்டட உரிமையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினும் இதில் இணங்கலாகாது. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காமல் தை பிறக்கும் வரை பொறுத்திருப்பது நன்று.

கம்பளத்தைப் பிடித்து நிறுத்துவது ஆணிப்பட்டை. ஓரங்குல அகலமுள்ள மெல்லிய மரப்பட்டையில் கூரிய ஆணிகள் சாய்வாக மேல்நோக்கி நிற்கும். அவற்றின் முனை சுவரை நோக்கியிருத்தல் வேண்டும். மாறி வைத்தால் இழுத்த கம்பளம் நழுவி விடும். சுவருக்கும் பட்டைக்கும் இடையே ஏறத்தாழக் கால் அங்குலம் விடுக. கம்பளத்தின் ஓரத்தைச் செருகும் பள்ளம் அதுவே. வாயிற்படியில் ஆணிப்பட்டை கூடாது. கம்பளம் சற்றே தேய்ந்தாலும் வெறுங்காலில் வருவோரை அது குத்தும். அங்கே உலோக ஓரப்பட்டையே தக்கது.

பட்டையைத் தரையில் அறையுமுன் அடியில் மின்கம்பிக் குழாய் செல்கிறதா என்று கேட்டறிக. இறுகிய சிமெண்டில் எஃகு ஆணி முறிந்து தெறிக்கும். ஆதலின் கண்ணாடியும் கையுறையும் இன்றியமையாதன. காலணியைக் கழற்றிவிட்டு அறைக்குள் நுழைவது நம் மரபு. இவ்வேலைக்கு மட்டும் அம்மரபைத் தளர்த்திக் கனத்த அடியுள்ள காலணி அணிக. வெட்டிய துண்டுப் பட்டைகளை உடனுக்குடன் தகர டப்பாவில் இட வேண்டும். ஆணி குத்திவிட்டால் புண்ணைச் சோப்பிட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையம் சென்று தசைவிறைப்பு நோய்க்கான தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். சிறு புண்தானே என்று இருந்துவிடுவது பெருந்தவறு.

கம்பளத்தை இழுக்க, முழங்காலால் உதைத்துத் தள்ளும் கருவி ஒன்றுண்டு. நாள்முழுதும் உதைப்போர்க்கு மூட்டு கெடும். அமெரிக்கத் தொழிலாளருள் நூற்றுக்கு ஒருவர்கூட இத்தொழிலினர் அல்லர். எனினும் முழங்கால் காயத்திற்காக அங்குக் கோரப்பட்ட இழப்பீடுகளில் 6.2 விழுக்காடு இவர்களுடையது என்று அந்நாட்டு அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1990-இல் எச்சரித்தது. எதிர்ச்சுவரில் முட்டுக் கொடுத்து நெம்புகோலால் இழுக்கும் கருவியே பெரிய அறைக்கு ஏற்றது. விலை மிகுதியாயின் சிலர் கூடி வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

இழுத்து மாட்டியபின் மிகுந்த ஓரத்தைக் கத்தியால் நறுக்கிப் பள்ளத்திற் செருகுக. பின்னர்க் காந்தம் ஒன்றைக் கயிற்றிற் கட்டி, அறையிலும் திண்ணையிலும் ஒருமுறை இழுத்துச் செல்க. சிதறிய ஆணிகள் அதில் ஒட்டிக்கொள்ளும்.